யூரியாவை நிறுத்தினால் வேளாண் சூழலியல் ஆகிவிடுமா? கிழக்கின் உலர் வலயத்துக்கு ஒரு விளக்கம்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு கமக்காரர் கூட்டத்தில் "வேளாண் சூழலியல்" என்று பேச்சை எடுத்தால், பின்வரிசையிலிருந்து உடனே ஒரு குரல் வரும்: "திரும்பவும் யூரியாவை நிப்பாட்டப் போறீங்களா, சேர்?" கேட்பவரில் பிழையில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாகத் தடைசெய்தபோது பட்ட அடி அப்படி. விதைத்த வயல் மஞ்சளாகிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றவர்கள் அவர்கள்.

ஆனாலும் அந்தச் சொல் இன்று திட்ட அறிக்கைகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் அடிக்கடி அடிபடுகிறது. சேதன விவசாயம், இயற்கை விவசாயம், பேண்தகு விவசாயம் என்று ஏற்கெனவே இருக்கிற சொற்களோடு இதுவும் கலந்து ஒரே குழப்பமாகக் கிடக்கிறது. இதன் பொருள் என்ன, 2021இன் தடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, படுவான்கரையிலும் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள பகுதி) அம்பாறையின் வட்டைகளிலும் (சேர்ந்து கிடக்கும் வயல்வெளிகள்) இதை எங்கே தொடங்கவேண்டும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். என்னுடைய கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் பகுதியில் இந்த வேலை மழைநீரிலும் மாட்டுப்பட்டியிலும் தொடங்கவேண்டும். பசளை மூடையின் கணக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

## மழை குறைவா, மழை ஓடிப்போகிறதா?

இலங்கையை மழையின் அளவை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் பெறுவது ஈர வலயம். 1,750 முதல் 2,500 வரை இடை வலயம். 1,750க்குக் கீழே உலர் வலயம். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர் வலயம்தான். மட்டக்களப்பு மாவட்டமும் அம்பாறையின் பெரும்பகுதியும் அதற்குள் அடங்கும்.

உலர் வலயம் என்றதும் மழையே இல்லாத பூமி என்று நினைத்துவிடக் கூடாது. மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. லண்டன் நகருக்குக் கிடைப்பது 600 அளவில்தான். சரி, லண்டனைப் போல இரண்டரை மடங்கு மழை பெறும் ஊரில் ஆவணி மாதம் கிணறு ஏன் வற்றுகிறது?

மழை பெய்யும் காலத்தில்தான் விடை இருக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடைக்காற்றோடு வரும் மழையே ஆண்டின் பெரும்பங்கு. அதற்குப் பிறகு சித்திரை மாதத்து இடிமழை கொஞ்சம். பிறகு ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து கச்சான் காற்று சூடாக இறங்கி, மண்ணில் மிச்சமிருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 4,047 லீற்றர் தண்ணீர். கார்த்திகை, மார்கழியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது இங்கே அதிசயமில்லை. அப்படியான நாளில் ஒரு ஏக்கரில் நான்கு இலட்சம் லீற்றர் விழுகிறது. 5,000 லீற்றர் பவுசர் கணக்கில் எண்பது பவுசர். அந்த எண்பதில் எத்தனை மண்ணுக்குள் இறங்குகிறது, எத்தனை குளத்துக்குப் போகிறது, எத்தனை வாவி வழியாகக் கடலுக்கு ஓடுகிறது? இந்த மாவட்டங்களின் விவசாயப் பிரச்சினையில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் மூழ்கிய வயல்களும் கோடையில் வெடித்துக் கிடக்கும் வயல்களும் வேறு வேறு இடங்கள் அல்லவே. ஒரே வயல்தான்.

இடையில் ஒரு எச்சரிக்கை. ஐக்கிய நாடுகளின் வரைவிலக்கணப்படி "வறண்ட நிலம்" என்றால், அங்கே பெய்யும் மழை, வெயிலும் காற்றும் ஆவியாக்கக்கூடிய நீரில் 65 வீதத்தைக்கூட எட்டாது. எங்கள் பகுதி அந்த அளவுக்கு மேலே நிற்கிறது. ராஜஸ்தானுக்கும் மேற்கு ஆபிரிக்காவுக்கும் எழுதிய வழிகாட்டிகளை அப்படியே மொழிபெயர்த்து வாகரையிலும் பொத்துவிலிலும் பரப்பினால் பொருந்தாது. அங்கே பஞ்சம் மழைக்கு. இங்கே பஞ்சம் மழையைப் பிடித்துவைக்கும் இடத்துக்கு.

## மண் எப்படி இருக்கிறது: இரண்டு குவளைச் சோதனை

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் கடற்கரை மணல். படுவான்கரையிலும் அம்பாறையிலும் மணற்பாங்கான கபில மண், ஆற்றுப் படுக்கைகளில் வண்டல். கபில மண்ணில் உக்கல், அதாவது உக்கிய இலை, வேர் போன்றவை, இயல்பாகவே குறைவு. வெப்பம் கூடிய இடமாதலால் இலையும் வேரும் வேகமாக உக்கிக் கரைந்துவிடும். குளிர்நாட்டு மண்ணில் பல ஆண்டு தங்கும் உக்கல் இங்கே சில போகங்களில் தீர்ந்துபோகும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. அறுவடை முடிந்த வயலின் நடுவிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுங்கள். வீட்டு வளவில், பல வருடமாகச் சருகு கொட்டி மண்வெட்டி படாத வேலி மரத்தடியிலிருந்து அதே அளவில் இன்னொன்றை எடுங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் நிரப்பி, மெதுவாக ஒவ்வொன்றிலும் ஒன்றை விடுங்கள். பெரும்பாலும் வயல் கட்டி ஓரிரு நிமிடத்தில் சரிந்து, அடியில் சேறாகப் படியும். மேலே தண்ணீர் கலங்கிவிடும். மரத்தடிக் கட்டியிலிருந்து காற்றுக்குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். கட்டி அப்படியே நிற்கும். தண்ணீரும் தெளிவாக இருக்கும்.

மரத்தடி மண்ணைச் சேர்த்துப் பிடித்திருப்பது வேர்களும் பூஞ்சண இழைகளும் உக்கலின் பசையும். அந்தத் துளைகளுக்குள்ளேதான் மழைநீர் இறங்கித் தங்குகிறது. முதல் குவளையில் நடந்தது ஐப்பசியின் முதல் பெருமழையில் முழு வயலிலும் நடக்கும்: மேல்மண் குழம்பி அடைபட்டு, தண்ணீர் வழிந்தோடி, வாய்க்காலையும் குளத்தையும் தூர்க்கும். அந்த மண்ணுக்கு எவ்வளவு யூரியா போட்டாலும் அதில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். எழுவான்கரை மணலில் அது நேராகக் கிணற்றுக்கே இறங்கும்.

## அப்படியென்றால் வேளாண் சூழலியல் என்பது எது?

வயலை ஒரு தொழிற்சாலையாகப் பார்க்காமல் ஒரு உயிர்த்தொகுதியாகப் பார்த்து, அந்தத் தொகுதிக்குள் நீர், போசணை, பூச்சி, கால்நடை, மரம், மனிதர் ஆகியவற்றுக்கிடையில் இருக்கும் தொடர்புகளைப் பயன்படுத்தி விவசாயம் செய்வதுதான் வேளாண் சூழலியல். இந்தச் சொல்லை 1928இல் பசில் பென்சின் என்ற ரஷ்ய வேளாண் அறிஞர் கையாண்டார். 1980களில் இலத்தீன் அமெரிக்காவின் சிறு விவசாயிகளோடு வேலை செய்த மிகுவேல் அல்தியேரி, ஸ்டீபன் கிளீஸ்மன் போன்றோர் அதை ஒரு முழுத்துறையாக வளர்த்தார்கள். ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2019இல் அதற்குப் பத்துக் கூறுகளை ஏற்றுக்கொண்டது. பல்வகைமை, மீள்சுழற்சி, அதிர்ச்சியைத் தாங்கும் திறன் போன்றவற்றோடு உணவுப் பண்பாடும் பொறுப்பான ஆட்சிமுறையும் அந்தப் பத்துக்குள் இருக்கின்றன. அதாவது, மண்ணைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல இது. மண்ணைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்கிறது.

சேதன விவசாயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சேதன விவசாயத்தில் சான்றிதழ் உண்டு. எதை இடக்கூடாது என்ற பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலைக் கடைப்பிடித்துக்கொண்டே ஆயிரம் ஏக்கரில் ஒரே பயிரை வைத்து, எருவை வெளிநாட்டிலிருந்து இறக்கவும் முடியும். அதற்குச் சேதனச் சான்றிதழ் கிடைக்கலாம். வேளாண் சூழலியல் என்று அதைச் சொல்ல முடியாது. மறுபக்கம், அளவாக யூரியா போடும் ஒரு கமக்காரர் வைக்கோலை எரிக்காமல், நெல்லுக்குப் பிறகு பயறு போட்டு, மாட்டெருவையும் சேர்த்து வந்தால், அவர் இந்தப் பாதையில்தான் நடக்கிறார்.

பாதை என்று சொன்னது வேண்டுமென்றே. கிளீஸ்மன் இந்த மாற்றத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்:

1. வாங்கி இடும் பொருட்களை வீணாக்காமல், தேவைக்கு அளந்து இடுவது.
2. இரசாயனப் பொருளுக்குப் பதிலாக உயிரியல் பொருளை இடுவது.
3. பண்ணையின் அமைப்பையே மாற்றுவது. பயிர்ச் சுழற்சி, மரம், கால்நடை எல்லாம் ஒன்றையொன்று தாங்கும்படி.
4. விளைவிப்பவரையும் உண்பவரையும் நேரடியாக இணைப்பது.
5. உணவு, காணி, விலை பற்றிய கொள்கைகளையே மாற்றுவது.

இந்தப் படிகளை மனதில் வைத்துக்கொண்டு 2021ஐப் பார்த்தால் எங்கே சறுக்கினோம் என்பது தெரியும்.

## 2021இல் நடந்தது: ஒரு மூடைக் கணக்கு

2021 ஏப்ரல் முடிவில் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதியை நிறுத்துவதென அரசு தீர்மானித்தது. மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது. ஐப்பசியில் பெரும்போகம் விதைக்கவேண்டும். இடையில் இருந்தது ஐந்து மாதம். அதற்குள் கூட்டெரு, வெளிநாட்டுச் சேதனப் பசளை, இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் என்று மாறி மாறி அறிவிப்புகள் வந்தன. விதைப்பு நடந்துகொண்டிருந்த நவம்பர் மாதக் கடைசியில் தடை நீங்கியது. 2022இல் நாட்டின் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 40 வீதம் குறைந்ததாக உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன.

ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. பெருக்கல் போதும்.

1. யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ.
2. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒரு வீதம் அளவில்தான். அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ கூட்டெரு தேவை.
3. ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியா என்று வைத்தால் ஏக்கருக்கு நாலரைத் தொன்னுக்கு மேல் கூட்டெரு. ஐந்து ஏக்கர்க்காரருக்கு 23 தொன். உழவு மெசின் பெட்டி ஒன்றில் இரண்டு தொன் ஏற்றினால் பன்னிரண்டு பெட்டி.
4. அதற்கும் மேலே, கூட்டெருவின் நைதரசன் முழுவதும் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. ஒரு பங்குதான் அந்தப் போகத்தில் வெளிவரும். மீதி மண்ணில் தங்கி மெல்ல மெல்ல வரும்.

கிளீஸ்மனின் வார்த்தையில் சொன்னால், முதற்படியை ஏறாமல் இரண்டாம் படிக்கு முழு நாட்டையும் ஒரே போகத்தில் தூக்கி வைக்கப் பார்த்தார்கள். மாற்றி இடுவதற்கான பொருளும் கையில் இல்லை. மூன்றாம் படியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. உர மானியம் 1962இலிருந்து இருக்கிற நாடு இது. 2005க்குப் பிறகு 350 ரூபாவுக்கு மூடை கொடுத்துப் பழக்கிய வயல்கள் இவை. அந்த மண்ணுக்கு உக்கல் சேர்க்க ஐந்து மாதம் போதாது. ஐந்து வருடமாவது வேண்டும்.

நெல்லின் நட்டத்தை ஈடுசெய்ய ஒரு வழி பார்க்கலாம். நம்பிக்கையின் நட்டம்தான் பெரியது. இன்று ஒரு விவசாயப் போதனாசிரியர் கூட்டெருவைப் பற்றிப் பேசினாலே கமக்காரர் சந்தேகத்தோடு பார்க்கிறார். நல்ல ஒரு வழியின் பெயரை அவசரமான ஒரு கட்டளை கெடுத்துவிட்டது என்பது எனக்கு இன்னும் ஆறாத மனவருத்தம்.

## அறுந்துபோன வளையம்: வைக்கோல், மாடு, வயல்

எங்கள் பகுதியில் மூன்றாம் படி எப்படி இருக்கும்? புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன்பு இருந்த ஒரு வளையத்தைப் பார்த்தால் போதும்.

பெரும்போகம் வெட்டி, களவெட்டியில் சூடு மிதித்து, நெல் வீட்டுக்குப் போகும். வைக்கோல் கும்பமாக நிற்கும். பட்டி மாடுகள் அரிதாளை (வெட்டிய பின் நிற்கும் அடித்தாள்) மேய வயலுக்குள் இறங்கும். இரவில் அங்கேயே பட்டி அடைக்கும். சாணமும் சலமும் வயலிலேயே விழும். விதைப்புக் காலம் நெருங்கியதும் மாடுகள் காட்டோர மேய்ச்சல் தரைக்குப் போகும். மாட்டுக்காரர் பாலும் தயிரும் விற்பார், வயற்காரர் எருவைப் பெறுவார். ஒருவருடைய கழிவு மற்றவருடைய முதல்.

இந்த வளையம் இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது.

முதலாவது வைக்கோலில். இப்போது வெட்டு மெசின் வயலில் ஓடிய பின் வைக்கோல் வரிசை வரிசையாக நிலத்தில் கிடக்கும். அடுத்த உழவுக்கு அது கலப்பையில் சிக்கும். நெருப்பு வைத்தால் ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும். என்ன எரிகிறது என்று பாருங்கள்: ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் இருக்கின்றன. ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் விளைந்தால் வைக்கோலும் ஏறத்தாழ இரண்டு தொன். அதாவது 24 முதல் 34 கிலோ பொட்டாசியம். பொட்டாசியப் பசளையான எம்.ஓ.பி.யின் ஒரு மூடையில் இருப்பது 25 கிலோ அளவு. நெருப்பில் நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடும். பொட்டாசியம் சாம்பலில் மிஞ்சினாலும் முதல் மழையில் கழுவிக்கொண்டு போகும். காசு கொடுத்து வாங்கும் ஒரு மூடையை ஒவ்வொரு ஏக்கரிலும் தீக்குச்சி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த போகத்தில் கடைக்காரரிடம் கடனுக்கு நிற்கிறோம்.

இரண்டாவது மேய்ச்சல் தரையில். விதைப்புக் காலத்தில் மாடுகள் போய் நிற்க இடம் வேண்டும். வயல் விரிந்தது, குடியேற்றம் விரிந்தது, காடு வன இலாகாவின் எல்லைக்கல்லுக்குள் போனது. மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். அவை மகாவலி அதிகார சபையின் பகுதிக்குள் வருகின்றன. அங்கே வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். செய்திகளில் அது காணிப் பிரச்சினையாகவும் இனப் பிரச்சினையாகவும் வந்தது. அது இரண்டும்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு பசளைப் பிரச்சினையும் இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மேய்ச்சல் தரை போனால் மாட்டை விற்பார்கள். மாடு போனால் எரு போகும். எரு போனால் கூட்டெருவுக்கு மூலப்பொருள் எங்கேயிருந்து வரும்? ஒரு பக்கம் சேதனப் பசளை பற்றிப் பேசிக்கொண்டு மறுபக்கம் மாட்டுக்கு நிற்க இடமில்லாமல் செய்வது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

## குளமும் அதைச் சுற்றியிருந்த மரமும்

சேனநாயக்க சமுத்திரம், உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி போன்ற பெரிய குளங்கள் எல்லோருக்கும் தெரியும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அம்பாறையின் முகத்தையே மாற்றியது. ஆனால் பெரிய குளத்தின் வாய்க்கால் எட்டாத இடங்களில் சிறு குளங்களும் மானாவாரியும்தான் வாழ்க்கை.

சிறு குளங்கள் தனித்தனியாகக் கட்டப்பட்டவை அல்ல. மேலே உள்ள குளம் நிரம்பி வான் பாய்ந்த தண்ணீரும் வயலிலிருந்து கசிந்த தண்ணீரும் கீழே உள்ள குளத்துக்கு வரும்படி தொடராக அமைத்தார்கள். இந்தத் தொடர்குளக் கிராம முறையை உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. அங்கீகாரம் பெற்ற இடம் அனுராதபுரத்தின் பலுகஸ்வெவ என்றாலும், அந்த அமைப்பின் பாடம் எங்கள் குளங்களுக்கும் பொருந்தும். குளத்துக்கு மேற்புறம் மரக்கூட்டம். காற்றையும் ஆவியாதலையும் தடுக்க. அதற்கு முன்னால் புற்படுக்கை. வரும் மண்டியை வடிக்க. குளக்கட்டுக்குக் கீழே வயலுக்கு முன்னால் ஒரு பற்றைத் துண்டு. கசிவோடு வரும் உப்பை வயலுக்குப் போகாமல் பிடித்துக்கொள்ள. சிங்களத்தில் அதற்குக் "கட்டக்கடுவ" என்று பெயர்.

இப்போது குளப் புனரமைப்பு என்றால் குளக்கட்டை உயர்த்துவதும் துருசு (தண்ணீர் திறக்கும் மதகு) மாற்றுவதும்தான். மேற்புறத்து மரமும் புல்லும் வெட்டுண்டு, குளத்தின் எல்லைக்குள்ளேயே பயிர் நிற்கும். பத்து வருடத்தில் மீண்டும் தூர்ந்துவிடும். தூர் வாரும் செலவில் சிறு பங்கை மருத மரமும் புல்லும் வைப்பதற்குச் செலவிட்டால் அந்தச் செலவு அடிக்கடி வராது.

## வயலில் செய்யக்கூடியவை

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு ஏக்கரில் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுப் பெருக்கலாம்.

1. வைக்கோலைப் பரப்பிவிட்டு, முதல் மழை ஈரத்தோடு உழுது மடிக்கவேண்டும். விதைப்புக்கு மூன்று, நான்கு கிழமைக்கு முன்பே இது நடக்கவேண்டும். காரணம் இருக்கிறது: வைக்கோலில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். விதைப்புக்கு முதல்நாள் மடித்தால் பயிர் மஞ்சளாகும். "வைக்கோல் போட்டேன், பயிர் கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

2. யூரியாவை ஒரேயடியாக வீசாமல், இலையின் நிறத்தை வர்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவைப்படும் நேரத்தில் பிரித்து இடுவது. முதற்படி என்று சொன்னது இதைத்தான். உடனே காசு மிஞ்சுகிற வேலையும் இதுதான்.

3. மானாவாரி வயலில் பெரும்போகம் வெட்டியதும் மண்ணில் ஈரம் கொஞ்சம் இருக்கும். அதில் இரண்டரை மாதத்துக்குள் முடியும் பயறு அல்லது கவுப்பி. வேர்முடிச்சுகள் காற்றிலிருக்கும் நைதரசனை மண்ணுக்குக் கொண்டுவரும். வீட்டுக்குப் பருப்பும் வரும். ஒரே சிக்கல், அந்த நேரத்தில் மாடுகள் அரிதாளுக்கு இறங்கும். வட்டையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளாமல் ஒருவர் மட்டும் பயறு போட முடியாது.

4. வேலியில் சீமைக்கிளுவை (கிளிரிசிடியா). 2005இல் அரசு தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்த மரம். கொத்தி நட்டால் வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். இலையில் நைதரசன் நிறைந்திருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி. வறண்ட மாதங்களிலும் பச்சை தருவதால் மேட்டு நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தெரியாது.

5. நெல்லில் முதல் 40 நாளுக்குப் பூச்சிநாசினியைத் தொடாமல் இருப்பது. ஆரம்பத்தில் இலை கடிபட்டாலும் பயிர் தேறிவிடும். அந்த நேரத்தில் அடிக்கும் மருந்து சிலந்தியையும் தும்பியையும் கொன்றுவிடும். காவல் இல்லாத வயலுக்குள்தான் பின்னால் அறக்கொட்டியான் (நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி) பெருகும்.

மேட்டு நிலச் சோளத்துக்கும் இதே பாடம் உண்டு. 2018 பெரும்போகத்தில் சேனா படைப்புழு அம்பாறைச் சோளத்தை எப்படித் தின்றது என்பது நினைவிருக்கும். நூற்றுக்கணக்கான ஏக்கரில் தொடர்ச்சியாக ஒரே பயிர், ஒரே வயது. புழுவுக்கு அது விரித்த பாய். முன்பு காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிர்ச்செய்கையில் சோளத்தோடு குரக்கன், எள்ளு, பூசணி, கவுப்பி எல்லாம் கலந்து நின்றன. கலப்புப் பயிர் புழுவை முழுதாகத் தடுக்காது. ஆனால் ஒரு பயிர் போனாலும் வீட்டுச் சட்டியில் ஏதோ ஒன்று கொதிக்கும்.

## இடர்கள் எங்கே

இதை விரும்புகிறவர்கள் மறைக்கக்கூடாத சில விடயங்கள் இருக்கின்றன. மாறும் முதல் சில போகங்களில் விளைச்சல் குறையலாம். கடனில் விதைத்து, அறுவடை நாளிலேயே ஈரநெல்லைக் குறைந்த விலைக்குக் கொடுத்துக் கடனடைக்கும் ஒருவரால் அந்தக் குறைவைத் தாங்க முடியாது. ஆகவே மானியம் பசளைக்கு மட்டும் கொடுக்கப்படும் வரை அவர் மூடையையே தேடுவார். அது அவருடைய பிழையல்ல. மண்ணில் உக்கல் சேர்க்கும் வேலைக்கும், மாறும் காலத்தின் இழப்புக்கும் ஈடு கொடுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

வேலையாட்கள் இல்லை. எருவை ஏற்றி இறக்கிப் பரப்ப ஆள் வேண்டும். இளைஞர்கள் மத்திய கிழக்கிலும் கொழும்பிலும் நிற்கிறார்கள். ஒற்றை நாற்றாக இடைவெளிவிட்டு நடும் ஒற்றை நாற்று முறை காகிதத்தில் அழகாக இருந்தும் இங்கே பரவாததற்கு இதுவே பெரிய காரணம். நாற்று நடாமல் நெல்லை வீசி விதைக்கும் முறைக்கு ஏற்ற வழிகளைத்தான் இங்கே முன்வைக்கவேண்டும்.

யானை இன்னொன்று. படுவான்கரையில் வாழையும் சோளமும் கலந்து வைக்கச் சொல்லும் முன், அந்த வளவு யானை வரும் பாதையில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அப்புறம் காணி. குத்தகைக்குச் செய்பவர் வேலியில் மரம் நடமாட்டார்; அடுத்த போகம் அந்த வயல் தனக்குக் கிடைக்குமா என்பது அவருக்குத் தெரியாது. போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் வளவிலும் வயலிலும் உழைக்கிறார்கள். அனுமதிப்பத்திரத்தில் பெயர் பெரும்பாலும் இல்லை. கமக்கார அமைப்பின் கூட்டத்தில் நாற்காலியும் பெரும்பாலும் இல்லை. இவர்களைச் சேர்க்காமல் எழுதும் திட்டம் பாதித் திட்டம்.

## முடிவெடுக்கும் மேசை

மேலே சொன்னவற்றில் பாதி தனி ஒருவரால் செய்ய முடியாதவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பயறு போடுவது, பட்டி அடைப்பது, தண்ணீர் திறப்பது எல்லாம் வட்டை முழுவதும் சேர்ந்து எடுக்கும் முடிவுகள். அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு நடக்கும் ஆரம்பக் கூட்டம். கமக்கார அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்தும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தில் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் வழக்கமாகத் தீர்மானிப்பவை: விதைப்பு தொடங்கும், முடியும் திகதிகள், எத்தனை மாத நெல், தண்ணீர் திறக்கும் நாள், வாய்க்கால் துப்புரவு, கால்நடைகளை வயற்பகுதியிலிருந்து அப்புறப்படுத்தும் திகதி. இதோடு நான்கு கேள்விகளைச் சேர்த்தால் போதும்:

1. வைக்கோலை எரிக்காமல் விட ஒத்துக்கொள்ளும் வயற்கண்டங்கள் எவை? அவற்றை முன்கூட்டியே உழுவதற்கு மெசின் கிடைக்குமா?
2. அறுவடைக்குப் பின் எந்தப் பகுதியில் பயறு, எந்தப் பகுதியில் மாடு?
3. குளத்தின் மேற்புற எல்லையில் மரமும் புல்லும் வைப்பது யார் பொறுப்பு?
4. மாடுகள் எங்கே போகும்?

நான்காவது கேள்விக்கு இன்று எந்தக் கூட்டத்திலும் நேரான பதில் இல்லை. அப்புறப்படுத்தும் திகதி மட்டும் ஒவ்வொரு வருடமும் தவறாமல் குறிக்கப்படுகிறது. அதை மீறினால் தண்டமும் உண்டு. அந்தத் திகதிக்குப் பக்கத்தில், மாடுகள் போய் நிற்கும் தரையின் பெயரும் அதன் எல்லையும், பிரதேச செயலாளரின் கையெழுத்தோடு அதே தாளில் எழுதப்படவேண்டும்.